கில் எல்லாம் நம்ம பக்கம், மேட்ச் அவங்க பக்கம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாறியது, மகள் பேச ஆரம்பித்தது எல்லாம் நாலே வரியில் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கமெல்லாம் உன் புது டோட்டா டீம்தான், எதிரியின் தளத்தை இடிக்க ஐந்து பேரும் ஐந்து பேரும் மோதும் அதே கம்ப்யூட்டர் கேம்தான். நீ மாறவே இல்லை, சந்தோஷம். நானும் நலம். புது வேலையில் ராத்திரி ஷிஃப்ட் இல்லை என்பதால் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. விளையாடுவது குறைந்துவிட்டது, பார்ப்பது கூடிவிட்டது.

நீ அனுப்பிய ரீப்ளேக்களை உட்கார்ந்து பார்த்தேன். "சண்டையெல்லாம் ஜெயிக்கிறோம், மேட்ச்சை மட்டும் தோற்கிறோம்" என்று புலம்பியிருந்தாயே, அந்தப் புலம்பல் உண்மைதான். முதல் ரீப்ளேயில் எதிரி டீமில் மூன்று பேர் செத்துக் கிடக்கிறார்கள். உன் ஆட்கள் நாலாவது ஆளைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். அவனையும் கொன்றுவிட்டுத் திரும்பி வருவதற்குள் முதலில் செத்தவன் உயிரோடு வந்து நிற்கிறான். எதிரியின் தளத்துக்குப் போகும் பாதைகளில் நடுப் பாதையை, அதாவது நடு லேனைக் காக்கும் டவரில் ஒரு கீறல்கூட இல்லை. எதிரி செத்துக் கிடக்கும் நேரம்தான் அந்தச் சண்டையில் கிடைத்த சம்பளம், அதைக் காட்டுக்குள் செலவழித்துவிட்டீர்கள்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரண்டாவது ரீப்ளேதான். அதற்குள் யாரோ "இனிமேல் அப்ஜெக்டிவ் மட்டும்தான்" என்று, அதாவது கில்லை விட்டு டவர், ரோஷன் மாதிரி இலக்குகளைப் பிடிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள் போல. ரோஷன் என்ற அந்தப் பெரிய அரக்கன் உயிரோடு இருக்கும் போதெல்லாம் ஐந்து பேரும் நேராகக் குழிக்குள் போகிறீர்கள். இருட்டில் எதிரியைக் காட்டிக்கொடுக்கும் வார்டு ஒன்றுகூடச் சுற்றி இல்லை, பக்கத்து லேன்களில் எதிரியின் படை உங்கள் டவரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. எதிரிக்கு உங்களைத் தேடுகிற வேலைகூட இல்லை. அந்த இடத்தில் கூடி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு டோட்டாவின் உலகக் கோப்பை மாதிரியான 2015 இன்டர்நேஷனல் இறுதிப் போட்டியின் நாலாவது ஆட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. சிடிஈசி டீம் ரோஷன் குழிக்குள் இருக்க, எதிர் டீமான ஈவில் ஜீனியஸஸ் மேலிருந்து ஐஸ் பிளாஸ்ட் என்ற பனித் தாக்குதலை இறக்கியது, கூடவே அவர்களின் யுனிவர்ஸ் ஆடிய எர்த்ஷேக்கர் ஹீரோ குதித்து எக்கோ ஸ்லாம் என்ற நில அதிர்வைப் போட்டான். ஆட்டமும் கோப்பையும் அங்கேயே போயின. சிடிஈசி ஒன்றும் விவரம் தெரியாத டீம் இல்லை.

சரி, கில்லும் வேண்டாம், ரோஷனும் வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது என்று கேட்பாய். ரோஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோஷனைவிட ரோஷனுக்குப் போகும் வழிதான் முக்கியம் என்கிறேன். வார்டுகள் உங்களுடையவை, இரண்டு லேன்களும் எதிரியின் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்றால் நீங்கள் ரோஷனைத் தொடவே வேண்டாம். தொடப்போகிறீர்கள் என்று எதிரி நினைத்தால் போதும். இருட்டில், தெரியாத இடத்துக்கு, அவன்தான் நடந்து வர வேண்டும். வராவிட்டால் ரோஷனைக் கொன்றால் கிடைக்கும் கூடுதல் உயிர், அந்த ஏஜிஸ், உங்களுக்கு. வந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் சண்டை. எதிரியால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்பதுதான் ஒரு அப்ஜெக்டிவின் பாதி மதிப்பு என்று நான் நினைக்கிறேன்.

ஏஜிஸ் எடுத்த பிறகு நீங்கள் செய்வதும் எனக்குப் புரியவில்லை. அது 5 நிமிடம்தான் இருக்கும். டீமையே தோளில் சுமக்க வேண்டிய உன் கேரி அதை வாங்கிக்கொண்டு நேராகக் காட்டுக்குப் போய் நிம்மதியாக ஃபார்ம் பண்ணி ஐட்டத்துக்குக் காசு சேர்க்கிறான். ஒரு உயிரைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் என்ன வேலை? இன்னொரு ஐட்டம் வேண்டும் என்றால் அதை முதலில் முடித்துவிட்டு ரோஷனுக்கு வரலாமே. செத்த ரோஷன் திரும்பி வர 8 முதல் 11 நிமிடம் ஆகும். சரியாக எப்போது என்று யாருக்கும் தெரியாது. இந்த இடைவெளியை வைத்துத் திட்டம் போடுகிற ஒரே ஒரு ஆள் உன் டீமில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு பழைய மேட்ச்சையும் ஞாபகப்படுத்துகிறேன். 2013-ல் அலையன்ஸ், நவி டீம்கள் மோதிய இன்டர்நேஷனல் இறுதிப் போட்டி, ஐந்தாவது ஆட்டம். நேருக்கு நேர் நின்று அடித்துக்கொண்டால் நவி கை ஓங்கும் என்று அலையன்ஸுக்குத் தெரியும். அதனால் நவி அவர்கள் தளத்தை இடிக்கும்போது இவர்கள் நவியின் தளத்துக்குள் போய்விட்டார்கள். தளத்தைக் காக்கத் திரும்பி ஓட டெலிபோர்ட் போட்ட நவி ஆட்களை, அலையன்ஸின் எஸ்4 ஆடிய பக் என்ற ஹீரோ டிரீம் காயில் மந்திரத்தால் அங்கேயே நிறுத்திவிட்டது. அன்றைக்கு அலையன்ஸ் ஜெயித்தது எந்த அப்ஜெக்டிவையும் காப்பாற்றி இல்லை. தங்களுடையதை விட்டுக்கொடுத்து, அதைவிடப் பெரியதை எடுத்தார்கள். அவர்கள் எடுத்த ஹீரோக்களுக்கு அந்த ஆட்டம்தான் பொருந்தும் என்பது ஹீரோக்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டிலேயே முடிவானது. ஓடி ஓடி டவர் இடிக்கிற ஹீரோக்களை எடுத்துவிட்டு ஐந்து பேராகக் கூடிச் சண்டை போடுவது உன் டீமின் இன்னொரு நோய், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

டோட்டா மாதிரியே ஆடும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நான்கு டிராகன் எடுக்கும் டீமுக்குத்தான் டிராகன் சோல் என்ற பெரிய பலம். முதல் டிராகன் 5 நிமிடத்திலேயே வந்துவிடும். தொடக்கத்தில் பலவீனமான ஹீரோக்களை எடுத்த டீம் அதற்காகச் செத்துக்கொண்டிருந்தால் முட்டாள்தனம். அதை விட்டுவிட்டு மேல் லேனில் டவரை அடிக்கலாம். இரண்டாவதும் போகட்டும். ஆனால் எதிரி மூன்று எடுத்துவிட்டான் என்றால் நாலாவதுக்கு முன்னால் டிராகன் வரும் ஆற்றங்கரையில் இருந்தே ஆக வேண்டும். எதை விடுவது, எங்கே நின்றுகொள்வது என்பது மேட்ச் தொடங்கும் முன்பே பேசி வைக்க வேண்டிய விஷயம். நடுவில் பேசினால் ஐந்து பேரும் ஐந்து மாதிரி கத்துவார்கள். உன் டீமின் வாய்ஸ் சாட்டைக் கேட்டேன், காது இன்னும் வலிக்கிறது.

என் பக்கத்துச் செய்தி: ஆபீஸில் ஒரு கும்பல் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுகிறது, எண்ணிக்கை குறைந்தால் என்னையும் இழுத்துக்கொள்வார்கள். ஒரு டீம் பாம் வைக்கப் பார்க்கும், இன்னொன்று தடுக்கும் அந்தத் துப்பாக்கி கேமில் பாம்தான் எல்லாம். பாமை வைத்துவிட்டால் வெடிக்க 40 வினாடி. அதுவரை தேடிப் போனவன் இனி காத்திருக்கலாம், காத்திருந்தவன் ஓடி வர வேண்டும். பாமை டிஃப்யூஸ் பண்ண, அதாவது செயலிழக்க வைக்க 10 வினாடி, அதற்கான கிட் இருந்தால் 5. ஆனாலும் பாம் வைத்த பிறகு எட்டிப் பார்த்து ஒரு கில் வாங்கலாம் என்று தலையை நீட்டிச் சாகிற ஆட்கள் எல்லா டீமிலும் உண்டு. எங்கள் டீமில் அது எங்கள் மேனேஜர். யாரும் சொல்ல முடியாது.

பெரிய பிளேயர்களுக்கே இது நடக்கும் என்பதால் உன் பசங்களை ரொம்பத் திட்டாதே. 2017-ல் கொரியாவில் நடந்த ஓவர்வாட்ச் கேமின் ஏபெக்ஸ் தொடரில் கிளவுட்9 டீம் சண்டை மும்முரத்தில், நின்று பிடிக்க வேண்டிய இடமான பாயின்ட்டை விட்டு இறங்கியே தோற்றது, அதுவும் ஒரு தடவை இல்லை. கால் பாயின்ட்டில் இருந்தால் ஆட்டம் நீளும், அதைக்கூட மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது அப்படிச் செய்தால் சாட்டில் "சி9" என்று போடுகிறார்கள். கையும் கண்ணும் சண்டையில் இருக்கும்போது மூளைக்கு இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் சண்டையில் கொஞ்சம் குறைவாக வேலை இருக்கிறவனிடம் முடிவை ஒப்படைப்பது நல்லது. உன் டீமில் மற்றவர்களுக்கு உதவியாக ஆடும் அந்த ஐந்தாம் நம்பர் சப்போர்ட் பையன், அதிகம் பேசாதவன், மேப்பை அடிக்கடி பார்க்கிறான். அவன் வார்டு வைக்கிற இடங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கேரி நன்றாக ஆடுகிறான் என்பதற்காகக் கேரியே முடிவைச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கேரி கோபித்துக்கொள்வான்தான், நீதான் சமாளிக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஆடும்போது அந்த சப்போர்ட் பையனையே முடிவெடுக்கச் சொல்லிப் பார். ஒரு சண்டை ஜெயித்தவுடன் "டவர்" அல்லது "திரும்பு", இந்த இரண்டில் ஒன்றை அவன் சொன்னால் போதும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளட்டும். ஜெயித்த மேட்ச்சின் ரீப்ளேயையும் அனுப்பு, தோற்றதை மட்டும் அனுப்பாதே. சனிக்கிழமை ராத்திரி நான் சும்மாதான் இருப்பேன், ஆள் குறைந்தால் கூப்பிடு. சப்போர்ட் மட்டும்தான் ஆடுவேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். குட்டி என்ன பேசுகிறாள் என்று அடுத்த கடிதத்திலாவது எழுதுடா.

அன்புடன்,
கண்ணன்