ஐயர் வீட்டுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

கோயில் வடக்கு வீதியில் நம் கோயில் ஐயருக்கு வீடு கட்டி முடிந்து, தைப்பூசத்தன்று பால் காய்ச்சி அவரின் குடும்பம் குடிபுகுந்துவிட்டது. மதிப்பீடு 38 லட்சம். முடிந்த செலவு 41 லட்சத்து 40 ஆயிரம். கூடிப்போன 3 லட்சத்து 40 ஆயிரத்தைப் பற்றித்தான் ஊரில் பேச்சு என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன்.

அந்தக் காசு முழுவதும் அத்திவாரத்துக்குள் கிடக்கிறது. நம் முருங்கன் களிமண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஏற்றிப்போன அதே மண். மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். ஆடியில் அத்திவாரக் கான் வெட்டியபோது வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. ஒப்பந்தத்தில் இருந்தது 3 அடி ஆழம். அதோடு கல் அடுக்க நாங்கள் விடவில்லை. இன்னும் 2 அடி இறக்கி, உள்ளே கிறவல் போட்டு அரையடிக்கு ஒருதரம் இடித்து, மேலே கம்பி கட்டிய பீம் ஓட்டச் சொன்னோம். பழைய மடத்துச் சுவர் மூலையிலிருந்து யன்னல் வரை பிளந்து நின்றதைப் பார்த்தவர்கள் இதைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மேலதிக வேலைக்கு என்ன விலை என்று ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதிவைக்கவில்லை. அது சபையின் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஒப்பந்தக்காரர் பத்தரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கணக்குக் காட்டினார். இடிந்து விழுந்த கரையையும் சேர்த்து அகலம் 3 அடி என்று போட்டு, சுவர்கள் சந்திக்கும் மூலைகளை இரண்டு தடவை எண்ணியிருந்தார். நாங்கள் மறுத்ததும் மேசன்மாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று கிழமை கான் திறந்தபடி கிடந்தது. மழை வந்தால் என்ன செய்வது என்று அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. பிறகு ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் காசு வாங்காமல் வந்து நூல் பிடித்து அளந்தார். நீளம் 160 அடி, அகலம் இரண்டரை அடி, கூடின ஆழம் 2 அடி. 800 கன அடி, அதாவது 8 கியூப். அதற்கு மட்டுமே காசு கொடுத்தோம். ஒப்பந்தக்காரரும் கடைசியில் ஏற்று வந்து வேலையை முடித்தார். அவருடைய மேசன்மாரின் கைவேலை நல்லது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘போருக்குப் பிறகு இந்தியா காசு தந்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சத்துக்கு 550 சதுர அடி வீடு கட்டினோமே’ என்று சிலர் கேட்டார்கள். அது 2012ஆம் ஆண்டு விலை. அப்போதும் அந்தக் காசு போதாமல் நகை அடகு வைத்துக் கூரை போட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. இது 650 சதுர அடி.

கட்டட அனுமதி தாமதித்ததற்கும் நாங்கள்தான் காரணம். வீட்டையும் மடத்தையும் ஒரே கூரையில் கீறிக் கொடுத்தோம். ஒன்று குடியிருப்பு, மற்றது பொதுக் கட்டடம் என்று படம் திரும்பி வந்தது. அப்புறம் தனி வீடாகக் கீறி, மலக்குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிப் போட்டோம். கோயில் காணிக்கு அனுமதி எதற்கு என்பவர்களுக்கு: 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கோயில் காணியில் கட்டும் வீட்டையும் விடாது. அனுமதித்த படத்தின்படியே வீடு கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பால் காய்ச்சினோம்.

சுவர், கூரை, பூச்சு, வயறிங் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

சீமெந்து 100 பை தந்த கனடாப் பிள்ளைகள், கதவு நிலைக்கு முதிரை தந்த வாய்க்கால் கரைக் குடும்பம், கிறவல் ஏற்றிய இரண்டு உழவு இயந்திரக்காரர், நெல் விற்ற காசில் ஓடு வாங்கித் தந்த கமக்காரர் அமைப்பு, மேசன்மாருக்கு 40 நாள் சமைத்துப் போட்ட மாதர் சங்கத்து அக்காமார், பிரான்சிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்குக் காசு அனுப்பிய சகோதரிகள், உண்டியலில் போட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர்கள் எல்லாருக்கும் நன்றி.

ஒப்பந்தக்காரரின் பணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம். அடுத்த மாரி முடிந்ததும் பொருளாளரும் நானும் சுவர்களைச் சுற்றிப் பார்ப்போம். வெடிப்பு இல்லாவிட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுவோம்.

செயலாளர்,
திருப்பணிச் சபை