சால்மிங்குக்கு நான்கு வரி

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை இதழில் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். போர்யே சால்மிங்குக்கு அதில் நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். நான்காவது வரி இது: "17 வருடம் ஆடி 150 கோல் அடித்த ஒருவருக்குச் சிலை வைத்திருப்பது இந்த நகரத்தின் தாராள மனசைக் காட்டுகிறது." எழுதிய அன்பர் யாரென்று பெயர் போடவில்லை. நல்லதாகப் போயிற்று.

சால்மிங் பின்கள வீரர், ஐயா. உங்களுக்குத் தெரியாததல்ல. கோல் அடிப்பது முன்னுக்கு நிற்கும் மூன்று பேரின் வேலை. பின்னுக்கு நிற்கும் இரண்டு பேரும் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எதிராளியை நடுவழிக்கு வரவிடாமல் சுவரோரம் ஒதுக்க வேண்டும். எதிராளி அடித்த பக், அதாவது ரப்பர் வட்டு, வலைக்குப் போகுமுன் அதற்குக் குறுக்கே விழ வேண்டும். பறித்த பக்கை அவசரப்படாமல் தன் ஆளின் மட்டைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலையில் சால்மிங்கை விஞ்ச ரொறன்ரோவில் இன்றுவரை ஆளில்லை. லீவ்ஸுக்கு மட்டும் 620 அசிஸ்ட், அதாவது மற்றவர் கோல் அடிக்க வழிசெய்த பாஸ். மட்ஸ் சுண்டீனும் டாரில் சிட்லரும் லீவ்ஸின் முன்வரிசைக்காரர்கள். அவர்களே இந்தக் கணக்கில் அவருக்குக் கீழேதான். டெட்ரொயிட்டில் ஆடிய கடைசி வருடத்தையும் சேர்த்தால் 1148 ஆட்டம், 637 அசிஸ்ட். உங்கள் அன்பர் 150 என்ற எண்ணை எடுத்த அதே அட்டவணையில், அடுத்த கட்டத்தில் இருப்பதுதான் 637. கண்ணை அவ்வளவு தூரம் நகர்த்தப் பஞ்சிப்பட்டிருக்கிறார்.

கோலை எண்ணித்தான் ஆளை அளப்பீர்கள் என்றால், அதே அணியின் பின்களத்தில் ஆடிய இயன் டேர்ன்புல்லுக்குக் கோயிலே கட்டலாம். 1977 பெப்ரவரி 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்தார். பின்கள வீரர் எவரும் இன்னும் அதைத் தாண்டவில்லை. ஆனால் அந்த சீசனில் தேசிய ஹொக்கி லீக்கின் (என்.எச்.எல்) முதல்தர நட்சத்திர அணியில் இடம் கிடைத்தது சால்மிங்குக்கு. சிறந்த பின்கள வீரருக்கான நோரிஸ் விருதில் 1977இலும் 1980இலும் இரண்டாவதாக வந்தார். இரண்டு முறையும் முந்தியவர் மொன்ட்றியலின் லாரி றொபின்சன். றொபின்சனைச் சுற்றி வரிசையாக நான்கு வருடம் லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி நின்றது. சால்மிங்குக்கு வாய்த்த முதலாளி ஹரால்ட் பலார்ட். சட்டையின் முதுகில் ஆட்டக்காரரின் பெயரைப் போட வேண்டுமென்று லீக் கட்டளையிட்டபோது, நீலச் சட்டையில் நீல எழுத்தால் போட்ட மனிதர். அந்தக் கூடாரத்தில் 16 சீசன் நின்று பிடித்ததற்கே ஒரு சிலை வைக்கலாம்.

நான் இந்த ஊருக்கு வந்தது எண்பதுகளில். சென் ஜேம்ஸ் டவுணில் ஒரு அறைக்குள் ஐந்தாறு பெடியள். கார்ல்டன் வீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். லீவ்ஸ் ஆடிய அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். உள்ளே போய்ப் பார்க்கக் காசு இல்லை. குசினியில் இருந்த சின்ன ரீவியில்தான் பார்த்தேன். 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்தார்களே, அதன் பிறகு வேலைத்தலத்தில் என்னைப் பார்த்தவனெல்லாம் "நீயும் அந்தப் படகா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்த நவம்பரில் கோல் வலையடியில் விழுந்துகிடந்த சால்மிங்கின் முகத்தில் இன்னொருவரின் ஸ்கேட் ஏறியது. 200க்கு மேல் தையல். முகம் முழுக்க நூலோடு இருந்த அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் வந்து ஆடினார். ஐரோப்பாவில் வளர்ந்தவர்களில் இந்த லீக்கில் 1000 ஆட்டத்தை முதலில் தொட்டதும் அவர்தான்.

அவரும் வந்தேறிதான் என்பதை உங்கள் நான்கு வரியில் சொல்ல இடமிருக்கவில்லைப் போலும். சுவீடனின் வடகோடியில், கிருனாவில் பிறந்தவர். தகப்பன் 'சாமி' என்ற வட ஐரோப்பியப் பழங்குடி வழிவந்தவர். பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது சுரங்க விபத்தில் போய்விட்டார். 1973இல் இங்கே வந்து இறங்கிய முதல் கிழமையே ஃபிலடெல்ஃபியா அணிக்காரர்கள் அடித்துப் பார்த்தார்கள். சுவீடன்காரன் கோழை என்பது அந்தக் காலத்துப் பகிடி. கூட வந்த இன்னொரு சுவீடன்காரர் ஹமர்ஸ்ட்ரோம், சட்டைப்பையில் ஆறு முட்டையோடு முட்டிமோதல் நடக்கும் அரங்கின் மூலைக்குள் போனாலும் ஒன்றும் உடையாது என்று சொன்னவர் எதிரணிக்காரர் இல்லை, சம்பளம் கொடுத்த பலார்ட். மூன்று வருடம் கழித்து, நாடுகள் மோதிய 1976 கனடா கிண்ணப் போட்டியில் சுவீடன் சட்டையோடு சால்மிங் வந்து நின்றபோது கார்டன்ஸ் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வேறு நாட்டுக்காக ஆட வந்தவனுக்கு! தாராள மனசு என்று உங்கள் அன்பர் எழுதியது இதைத்தானோ என்னவோ.

குறை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் வழி இருந்தது. கொக்கெயின் பாவித்ததை ஒப்புக்கொண்டதற்காக லீக் அவரை 1986இல் தடை செய்தது. பிறகு அது எட்டு ஆட்டமாகக் குறைந்தது. அதை எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். உண்மை உண்மைதானே.

இவ்வளவு எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. என் மகன் ஸ்காபுரோ அரங்கொன்றில் சிறுவர் லீக்கில் பின்களத்தில் ஆடினான். விடிய ஆறு மணிக்கு ஐஸ். கால் வளர வளர புது ஸ்கேட். கலியாணவீட்டிலும் பிறந்தநாளிலும் சொந்தக்காரர் அவனைக் கண்டால் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, எத்தனை கோல் அடிச்சனி?" பெடியன் என் முகத்தைப் பார்ப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்குப் பாடப் புள்ளியை விசாரிக்கும் அதே வாய்கள். உங்கள் பத்திரிகை அந்த வாய்களுக்கு இப்போது சிலை உதாரணமும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. "எங்கள் பிள்ளைகள் ஏன் ஹொக்கியில் இல்லை?" என்று ஒருமுறை ஆசிரியர் தலையங்கம் எழுதிப் பெற்றோரைக் கண்டித்தீர்கள். அதற்கும் பதில் எழுதினேன். முதல் பந்தியில் உங்களைப் பாராட்டிய இரண்டு வசனங்கள் மட்டும் அச்சில் வந்தன.

2022 நவம்பரையும் நினைவூட்டலாமா? பேசும் சக்தியை நோய் பறித்துவிட்ட நிலையில் சால்மிங்கைக் கொண்டுவந்து ஐஸில் நிறுத்தினார்கள். சிட்லர் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடித்தபடி அழுதார். அடுத்த நாள் ஆட்டத்தைத் தொடங்க லீவ்ஸ் இறக்கிய ஆறு பேரும் சுவீடன்காரர்கள். 24ஆம் திகதி அவர் போய்விட்டார். ஊரே கலங்கிய செய்தி உங்கள் பத்திரிகையில் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரியாக வந்தது, அதுவும் "சால்மன்" என்று. மீனுக்கா அஞ்சலி என்று என் மனைவி கேட்டார். பழைய மாணவர் சங்கப் போட்டியில் கயிறு இழுத்தவர்களுக்கு அதே இதழில் அரைப் பக்கம், அனுசரணையாளர்களின் படங்களோடு.

இலவசப் பத்திரிகை என்பதால் சந்தாவை நிறுத்துகிறேன் என்று மிரட்டவும் எனக்கு வழியில்லை. மரக்கறிக் கடை வாசலில் இனியும் எடுக்கத்தான் போகிறேன். ஆகவே கேட்பது இவ்வளவுதான்: சென்ற இதழில் சால்மிங் என்று பெயர் போட்டு நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பவரின் சட்டை இலக்கம் 27. அவர் சிட்லர். சால்மிங்கின் இலக்கம் 21; 2016 முதல் லீவ்ஸில் வேறு எவரும் அணிய முடியாதபடி நிறுத்திவைத்த இலக்கம். அடுத்த இதழில் சரியான படமும், அதன் கீழே 637 என்ற எண்ணும் போட்டால் போதும். இடப்பற்றாக்குறை என்று வழமைபோல் சொல்வீர்களானால், கிரிக்கெட் புள்ளி அட்டவணையை அந்த ஒரு கிழமை கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபுரோ வாசகர்