வழக்கமும் பழக்கமும்

தென்காசி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவைப்பதுதான் பெரும்பாடு.

பேத்தி நேர்முகத் தேர்வுக்கு எழுதிவைத்த பக்கத்தைப் படித்தேன். 'ஐ யூஸ் டு கெட் அப் அட் ஃபைவ்' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, சரியா என்று கேட்டிருக்கிறாய். தினமும் 5 மணிக்கு எழுகிறேன் என்பது அவள் கருத்தானால், தவறு. 'ஐ கெட் அப் அட் ஃபைவ்' என்றாலே போதும். வழக்கம் என்ற பொருள் அதிலேயே அடங்கிவிடும். அவள் எழுதிய 'யூஸ் டு', 'யூஸ்ட் டு' என்று இருக்க வேண்டும், அதுவும் இறந்தகாலத்துக்கு மட்டுமே உரியது. முன்பு எழுந்தாள், இப்போது இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன ஆவது?

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 'வழக்கமாக' என்றால் 'யூஸ்ட் டு' என்று மனப்பாடம் செய்யவைத்துவிடுகிறார்கள். போதாததற்கு, பேச்சில் அந்த 'ட்' அடுத்து வரும் 'டு'வோடு கரைந்துவிடுகிறது. காதில் விழுந்தபடி எழுதினால் 'டி' காணாமல்தான் போகும்.

தமிழிலிருந்து தொடங்கினால் இது எளிது. "சின்ன வயதில் ஞாயிறுதோறும் ஆற்றுக்குப் போவோம், அம்மா புளிச்சோறு கட்டித் தருவாள்" என்கிறோம். போவோம், தருவாள் இரண்டும் எதிர்கால வடிவங்கள், நடந்ததோ எப்போதோ. ஆங்கிலமும் 'வில்'லின் இறந்தகால வடிவமான 'வுட்' போட்டு, 'எவ்ரி சண்டே வீ வுட் கோ டு த ரிவர்' என்கிறது. இரண்டிலும் 'அந்தக் காலத்தில்' என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 'போவோம்' வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். அதேபோல், அப்போது மதுரையில் 'இருந்தோம்' என்போமே தவிர 'இருப்போம்' என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் 'வுட் லிவ்' வராது, 'யூஸ்ட் டு லிவ்'தான். எங்கோ பிறந்த இரண்டு மொழிகள் இப்படி ஒத்துப்போவதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி' என்பது வேறு. சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது என்று பொருள். பின்னால் வரும் வினை 'இங்' ஏற்கும். அவள் சொல்ல நினைத்தது இதுவாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பார்.

தாத்தாவிடம் அவருடைய பள்ளிக்கூட நாட்களைக் கேட்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல். 'செய்வோம்', 'போவோம்' என்று அவர் சொல்லும் இடத்திலெல்லாம் 'யூஸ்ட் டு' தயங்காமல் போடலாம். அனுப்பினால் திருத்தித் தருகிறேன். ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறாய், தேதியைச் சொல்.

அன்புடன்,
கல்யாணி