பிஎச்டி முடிச்சவங்களுக்கும் நாலு வரி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க வேலைவாய்ப்பு பக்கத்தை வாராவாரம் தவறாம படிக்கிறேன், பத்தாவது முடிச்சவங்கள்ல இருந்து எம்எஸ்சி வரைக்கும் எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கு, போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் கொஞ்ச வருஷம் செய்யற ஆராய்ச்சி வேலை, அதைத் தேடுறவங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. அவ்ளோ படிச்சவங்களுக்கு தேடத் தெரியாதான்னு கேப்பீங்க. தெரியாதுங்க, எனக்கே தெரியல.

என்னோட சப்ஜெக்ட் இமேஜிங். எம்ஆர்ஐ, மைக்ராஸ்கோப்ல வர்ற படத்தை கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்றது, அதுல இருந்து அளவெடுக்கறது, அந்த மாதிரி வேலை. ஆறு மாசம் "இமேஜிங் போஸ்ட்டாக்"னு மட்டுமே தேடிட்டு எங்கயும் வேலையே இல்லன்னு உக்காந்திருந்தேன். வேலை இருந்துச்சு, வேற பேர்ல இருந்துச்சு! ஒரே வேலையை ஒரு இடத்துல ரேடியாலஜி டிபார்ட்மென்ட் போடுது, இன்னொரு இடத்துல மேத்ஸ், வேற எங்கயோ பயாலஜி லேப், பிரிட்டன்ல பாத்தா ரிசர்ச் அசோசியேட்னு பேரு, போஸ்ட்டாக்ங்கற வார்த்தையே தலைப்புல இருக்காது. அப்புறம்தான் செக்மென்டேஷன், டோமோகிராஃபி, இன்வர்ஸ் ப்ராப்ளம்னு செய்யற வேலையோட பேரைப் போட்டு யூராக்சஸ், நேச்சர் கேரியர்ஸ்ங்கற ரெண்டு வேலைவாய்ப்பு வெப்சைட்லயும் அலர்ட் வச்சேன், மெயில் வர ஆரம்பிச்சுது.

பெரிய பேரு இருக்கற லேப்பையே பிடிச்சு தொங்கினதும் என் தப்புதான். 2014ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கின ஸ்டெஃபான் ஹெல் ஜெர்மனில பிஎச்டி முடிச்சவரு, ஆனா சாதாரண மைக்ராஸ்கோப்ல தெரியாத நுணுக்கத்தையும் காட்டற ஸ்டெட் மைக்ராஸ்கோப் ஐடியாவை 1994ல வெளியிட்டப்போ அவர் இருந்தது ஃபின்லாந்துல துர்க்குங்கற ஊர்ல. நாம கேள்விப்படாத ஊர்ல இருந்து விளம்பரம் வந்தா தள்ளிவிட்டுட்டுப் போயிடறோம்.

இன்னொண்ணு, ஆராய்ச்சிப் பேப்பர் லிஸ்ட்டை விட நாம எழுதின கம்ப்யூட்டர் கோட் இருக்கற லிங்க்கைத்தான் இன்டர்வியூல முதல்ல கேட்டாங்க. என் கோட் என் லேப்டாப்ல மட்டும்தான் ஓடும், அதுவும் ஃபோல்டர் பேரை மாத்தினா ஓடாது. ரெண்டு வாரம் உக்காந்து சரிபண்ணி, ஒரு சாம்பிள் படத்தோட, கோடை எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கற கிட்ஹப் வெப்சைட்ல ஏத்தினேன்.

ஃபெல்லோஷிப், அதாவது ஆராய்ச்சி பண்ண நம்ம பேர்லயே தர்ற நிதி, அதோட விதிங்கதான் இருக்கறதுலயே பெரிய குழி. ஐரோப்பாவோட மேரி கியூரி ஃபெல்லோஷிப்ல, எந்த நாட்டுக்குப் போகப்போறோமோ அந்த நாட்டுல, அப்ளை பண்ற கடைசித் தேதிக்கு முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. என் ஃப்ரெண்டு ஒருத்தர் முதல்ல சின்ன கான்ட்ராக்ட்ல அங்கயே போய் சேந்துடுவோம், அப்புறம் அப்ளை பண்ணிக்கலாம்னு போனாரு, ஒன்றரை வருஷம் ஆனதும் அப்ளை பண்ணவே முடியல. விதியை படிக்கலயான்னு கேட்டா, அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுங்கறாரு.

அதனாலதான் கேக்கறேன், பெரிய கட்டுரை எல்லாம் வேணாம் சார், எந்த ஃபெல்லோஷிப் எப்ப மூடுது, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுன்னு மாசம் ஒரு தடவை நாலு வரி போதும். மேரி கியூரி வழக்கமா செப்டம்பர்ல மூடிடும், நம்மள லேப்ல சேத்துக்கப்போற பேராசிரியர்கிட்ட பேசி ப்ரொபோசல் எழுதவே மூணு நாலு மாசம் ஆகும், அதனால அதை ஏப்ரல், மே மாசத்துலயே போட்டுடுங்க.

இப்படிக்கு,
இன்னும் தேடிட்டிருக்கற ஒரு வாசகர்