முட்டி வலி என்றால் இடுப்பு மூட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் காபி பழம் பறிக்கும் சீசன் நெருங்குகிறது. நவம்பரில் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை பெண்கள் பகல் முழுக்கச் சரிவிலேயே நின்று பறிப்பார்கள். சாயங்காலம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடை போட வருவார்கள். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவன் என்பதால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர்களில் பலர் முட்டி வலி என்றுதான் சொல்கிறார்கள். தைலம், முட்டிக்கு உறை, வலி ஊசி என்று காலம் போகிறது. என் மனைவிக்கும் ஒரு கிளினிக்கில் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, பெரிய தேய்மானம் இல்லை என்று மாத்திரை கொடுத்தே அனுப்பினார்கள். அப்போதே கால் நகம் வெட்டவும் கொலுசு மாட்டவும் என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அதை அங்கே யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் அவளைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். கவட்டையில் சுரீரென்று பிடித்தது. இடுப்பு எக்ஸ்ரேயில்தான் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. இரண்டு மூட்டுக்கும் போகும் நரம்புகள் பொதுவாக இருப்பதால், இடுப்பில் உள்ள கோளாறு முட்டியில் வலிக்கும் என்று அவர் விளக்கினார்.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகள் இவை: கவட்டையில், தொடையின் முன்பக்கத்தில், சில சமயம் புட்டத்தில் வலி. காலையில் எழுந்ததும் விறைப்பு, அரை மணிக்குள் விட்டுவிடும். சம்மணம் போட முடியாது. பஸ் படி ஏறும்போது பிடிக்கும். இது சில வாரங்களாகத் தொடர்ந்தாலோ, நடை சாய்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ எலும்பு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை, காய்ச்சலோடு மூட்டு வலிக்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். வயது குறைந்தவர்களும், முக்கியமாக அதிகம் குடிப்பவர்களும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களும், கவட்டை வலியை விட்டுவைக்கக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்து எலும்பே நசிந்துவிடும்.

உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். தொடை, புட்டத் தசைகளுக்கான பயிற்சியும், எடை குறைப்பதும், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் ஊன்றுகோலும் நிறைய உதவும். என் மனைவிக்கு வலது இடுப்பு. கோல் இடது கையில். கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எதற்கும் வலி அடங்காவிட்டால் மூட்டு மாற்று சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் புது மூட்டு 15 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு உண்டு. போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பறிப்பு தொடங்கும் முன் அந்தத் திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயன் வீடுகளுக்கு வந்து, முட்டி வலி என்று சொல்கிற ஒவ்வொருவரின் இடுப்பையும் திருப்பிப் பார்க்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். நொண்டி நடப்பவர்கள் தலையில் மூட்டையை ஏற்றாமல், எஸ்டேட்காரர்கள் ஜீப்பைச் சரிவின் அடிவரை அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற எஸ்டேட் மேஸ்திரி,
நாகலூர், ஏற்காடு