மிலிட்டிரி தாத்தாவின் பாலத்துக்கு ஊர் சேர்ந்து தரவேண்டிய பங்கு

அன்புள்ள ஊர்மக்களுக்கும், வெளியூர்களில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மிலிட்டிரி தாத்தா காலமாகி வருடம் திரும்பப் போகிறது. நூறாவது பிறந்தநாளுக்குப் பந்தல் போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். எட்டு மாதம் குறைந்துவிட்டது. அவர் பெயரில் என்ன செய்யலாம் என்று கூடிப் பேசியபோது சிலை என்றார்கள், வளைவு என்றார்கள். ஏரிக் கலங்கல் ஓடையின் மேல் அவர் போட்ட இரும்புப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவது என்று கடைசியில் முடிவானது. அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

பிள்ளைகளில் பலருக்கு அவரை வெள்ளை மீசையும் கைத்தடியுமாகத்தான் தெரியும். வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களுக்குக் குறைவில்லை. கம்மவான்பேட்டை மாதிரி அதற்கென்றே பேர் எடுத்த ஊர் இருக்கிறது. தாத்தா 1943-ல், பதினெட்டு வயதில், பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலமும் சாலையும் போடுவது, கண்ணிவெடி எடுப்பது அந்தப் படையின் வேலை. மெட்ராஸ் சாப்பர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்பார்கள். அந்தப் பெயரில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. “அங்க நான் தம்பி, இங்க தாத்தா” என்பார்.

பர்மா சண்டையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ரங்கூனுக்கு வடக்கே தவுக்யானில் உள்ள நினைவுத் தூண்களில், புதைகுழி தெரியாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அதன் படத்தைப் பேத்தி போனில் காட்டியபோது தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார்.

பெய்லி பாலம் என்று சொன்னால் மட்டும் குரல் மாறும். இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து அவசரத்துக்குப் போடும் பாலம் அது. 1944 டிசம்பரில் கலேவாவில், சிந்த்வின் ஆற்றின் மேல் போட்ட பாலம் 1,154 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். அதன் மேல் லாரியில் போனதை நேற்று நடந்தது போலச் சொல்வார். பேனல் என்கிற அந்தச் சட்டம் ஒன்று பத்தடி நீளம், 570 பவுண்டு. ஏறக்குறைய 260 கிலோ. கிரேன் கிடையாது. பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர், குறுக்கே கம்பு கொடுத்துத் தூக்க வேண்டும். “ஒருத்தன் தோளைத் தாழ்த்தினா மத்த அஞ்சு பேர் முதுகு போச்சு” என்று சொல்லித் தன் தோளையே தட்டிக் காட்டுவார்.

சண்டை முடிந்ததும் ஆட்களைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் வாங்கும் அளவுக்கு அவருக்கு சர்வீஸ் இல்லை. கற்ற தொழில் கையில் இருந்தது. ஆயில் எஞ்சின் ரிப்பேர் பட்டறை வைத்தார். அப்புறம் பம்ப்செட் வியாபாரம். மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளுக்கு எஞ்சின் வந்த காலம் அது. அவர் கணக்கு எப்படி என்பது காரியத்துக்குப் பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பீரோவில் பற்று நோட்டுகள் பதினொன்று இருந்தன. மழை பொய்த்த வருடங்களின் பக்கங்களில் எல்லாம் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் ‘சரி’ என்று பென்சில் எழுத்து. அந்த ‘சரி’களில் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ!

இனி பாலத்துக்கு வருவோம். 1968 ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கல் போனபோது, பள்ளிக்கூடம் போன மேட்டுத்தெருப் பெண் பிள்ளை ஒருத்தியை ஓடை இழுத்துப் போனது. வேலிப்புதர் கையில் சிக்கியதால் பிழைத்தாள். மறு வாரமே தாத்தா பழைய கர்டர்களைத் தேடிக் கிளம்பிவிட்டார். தை பிறப்பதற்குள் 42 அடியில் நடைபாலம் நின்றது. யாரிடமும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஒவ்வொரு போல்ட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் மொத்தென்று வந்தால் அந்த இடத்தில் சாக்பீஸ் குறி விழும். இறுக்கி முடித்துவிட்டு ரெட் ஆக்சைடு அடிப்பார். அன்றைக்குப் பிழைத்த பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். இந்தக் குழுவின் பொருளாளர் அவர்தான்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது நினைவிருக்கும். அந்த மழையில் மேற்குக் கரைத் தாங்கு சுவரின் அடிமண் அரித்துவிட்டது. கர்டரின் அடித்தகடு துருப்பிடித்து, விரலால் சுரண்டினாலே உதிர்கிறது. பிள்ளைகள் இன்னும் அதன் மேல்தான் போகிறார்கள். மழை பிடித்தால் எங்களில் ஒருவர் போய் நின்று, இரண்டிரண்டு பேராக அனுப்புகிறோம்.

‘நமக்கு நாமே’ திட்டத்தில், மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். எஸ்டிமேட் 21 லட்சம். நம் பங்கு 7 லட்சம். தாத்தாவின் குடும்பம் முழுத் தொகையையும் தாங்களே தருவதாகச் சொன்னது. நாங்கள் ஒப்பவில்லை. ஒருமுறை அவர் தனியாகப் போட்டுக் கொடுத்தார். இந்த முறையாவது ஊர் தோள் கொடுக்க வேண்டாமா? அவர்களிடம் 1,50,000 மட்டும் வாங்கினோம். குழுவினர் போட்டது 82,000. இன்னும் 4,68,000 வேண்டும்.

இதை 78 பங்காகப் பிரித்திருக்கிறோம். பங்கு ஒன்று 6,000 ரூபாய்; ஆறு பேர் சேர்ந்தால் தலைக்கு ஆயிரம். பங்குக்குப் ‘பேனல்’ என்றே பெயர் வைத்துவிட்டோம். உடன் படித்தவர்கள், ஒரே தெருக்காரர்கள், அண்ணன் தம்பிகள் என்று ஆறு ஆறு பேராகச் சேருங்கள். நூறு ரூபாய்தான் முடியும் என்றாலும் தயங்காமல் கொடுங்கள், அதற்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் பட்டறைக் கதவில் ஒட்டப்படும். வேலை நடக்காமல் போனால் பணம் அவரவருக்குத் திரும்பிவிடும். கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்கள் வராது. தாத்தா பெயரும் 1968 என்ற வருடமும் மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்; வருத்தப்படாதீர்கள்.

வைகாசிக்குள் பணம் கட்டிவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்கலாம் என்கிறார் பொறியாளர். ஞாயிறுதோறும் காலை பத்து மணி வரை பொருளாளரும் நாங்களும் பட்டறைத் திண்ணையில் இருப்போம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மூலமாகக் கொடுத்தனுப்பலாம்.

இன்னொன்று. பழைய கைப்பிடிக் குழாய்கள் மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கின்றன. அவர் தட்டித் தட்டிப் பார்த்த குழாய்கள், அவற்றையே புதுப் பாலத்திலும் பொருத்தப் போகிறோம். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க ஆள் வேண்டும். பணம் தர முடியாதவர்கள் வாருங்கள். பிரஷ் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலம் கட்டும் குழுவினர்