ஹெட்லைட் போட்டால் ஏறும் முள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ முழுசாகச் சொல்லி முடிக்கும் முன்பே "தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற வால்வு) மாத்து" என்று அவசரப்பட்டுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உன் வண்டியில் ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுகிறது, அணைத்ததும் இறங்கிவிடுகிறது என்றாயே! எஞ்சின் தண்ணீர் அப்படி நொடியில் சூடாகி நொடியில் ஆறாதம்மா. அது கரண்ட் செய்கிற வேலை. தெர்மோஸ்டாட் வாங்காதே.

நீ கட்டியது ஃபைபர் பாடி. கம்பெனி வண்டியில் தகடே எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழி. உன் டேஷ்போர்டுக்கு நீ வயர் இழுத்தால்தான் எர்த். கேஜும் (முள் இருக்கிற அந்த மீட்டர்) விளக்குகளும் ஒரே மெல்லிய எர்த் வயரில் தொங்கினாலோ, சேஸியில் (வண்டியின் இரும்புச் சட்டம்) பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட்டை முடுக்கியிருந்தாலோ, விளக்கு எரியும்போது கேஜ் எர்த்தில் வோல்ட் ஏறிவிடும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வை. ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்வில், மறுமுனை கேஜின் எர்த் டெர்மினலில். யாரையாவது ஹெட்லைட் போடச் சொல். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் ஆள் அகப்பட்டாச்சு. கேஜுக்கென்று தனி எர்த் வயர் கொடுத்துவிடு.

அங்கே சுத்தமாக இருந்தால், எஞ்சினில் தண்ணீர்ச் சூட்டை உணர்ந்து கேஜுக்குச் சொல்கிற சென்சார் பக்கம் வா. உன்னுடையது ஒற்றை வயர் சென்சார்தானே? சாவியைப் போட்டு அந்த வயரைக் கழற்று. முள் கீழே கிடக்க வேண்டும். எஞ்சின் இரும்பில் ஒரு கணம் தொடு. மேலே ஓட வேண்டும். கழற்றியும் முள் இறங்கவில்லையா, வயர் எங்கோ நசுங்கிச் சேஸியைத் தொடுகிறது.

என் முதல் வண்டியில் எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. முள் எழவே எழாது. ரேடியேட்டரைக் கழற்றி அலசி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் பார்த்தால், லீக் ஆகக்கூடாதென்று சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றியிருக்கிறேன். அந்த மரை வழியாகத்தானே அதற்கு எர்த்! உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்று. எஞ்சின் ஒரு வண்டியுடையது, கேஜ் இன்னொன்றுடையது என்றாய். எஞ்சினில் உள்ள சென்சாரும் கேஜும் ஜோடி சேராவிட்டால் வயரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முள் தப்பாகவே காட்டும். எஞ்சின் ஆறியதும் சென்சாரைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிடு, டெர்மினல் நனையக்கூடாது. மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளவு) வைத்துச் சூடாக்கு. சூடு ஏற ஏற ஓம் சீராக இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் சென்சாரைத் தூக்கிப் போடு. சீராக இறங்கினால், அதன் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ்வுக்கு ஒரு வயர் கொடுத்து, கேஜ் வயரையும் மாட்டி, தண்ணீர் கொதிக்கும்போது முள் எங்கே நிற்கிறதென்று பார். அதுதான் 100 டிகிரி. மலைமேல் என்றால் கொஞ்சம் குறைவு. கேஜ் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வை.

இதெல்லாம் முடியும்வரை முள் சிவப்புக்குப் போனால் நிஜச் சூடு என்றே எடுத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்து. சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே.

ஹெட்லைட் சோதனையை முதலில் செய். எத்தனை வோல்ட் காட்டியது என்று ராத்திரி போனில் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பேட்டரியைக் கழற்றினால் நெகட்டிவ்வை முதலில் எடு. தெரியும்ப்பா என்பாய், இருந்தாலும்.